வைரவருக்கு இருபது சுற்று

எங்கள் வீட்டு வைரவர் இரும்பு வைரவர். பின்வளவில், வேப்பமரத்துக்கு ஆறடி தள்ளி, மண்ணிலிருந்து இரண்டு சாண் உயரத்துக்கு எழுந்து நிற்பார். நடுவில் ஒரு தண்டு, இரண்டு பக்கமும் மேல்நோக்கி வளைந்த இரண்டு கைகள். பார்க்கிறவர்கள் எவரும் சூலம் என்றுதான் சொல்வார்கள். வருடக்கணக்காகப் பூசிய மஞ்சளும் சந்தனமும் எண்ணெயும் ஒன்றன்மேல் ஒன்றாகக் காய்ந்து, தண்டு என் மணிக்கட்டைவிடப் பருத்துப் போயிருந்தது.

நான் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்த முதல் வாரமே மாமி என்னை அங்கே கூட்டிக்கொண்டு போனார்.

"குனிஞ்சு காதை வச்சுக் கேள் பிள்ளை."

புது மருமகள், மறுக்கவா முடியும்? கூறைச்சேலை மடிப்புக் கலையாத நாட்கள் அவை. முழங்காலில் நின்று, தண்டுக்குப் பக்கத்தில் மண்ணில் காதை வைத்தேன். அடியிலிருந்து ஓர் ஒலி வந்தது. 'உஸ்' என்று, ஏறாமல் இறங்காமல், நிற்காமல் வந்துகொண்டேயிருந்தது.

"மூச்சு விடுறார்" என்றார் மாமி. "உயிரோட இருக்கிற வைரவர். திருகோணமலையில வேற எங்கயும் இப்பிடி இல்லை."

நான் கணக்கு டீச்சர். எதற்கும் வழி காட்டாமல் விடையை மட்டும் எழுதினால் சுழியம் போடுகிற ஆள். எனக்கு வாயும் கொஞ்சம் நீளம், கோபம் மூக்கு நுனியில். அன்று மட்டும் எப்படியோ வாயை அடக்கிக்கொண்டு வந்து, கணவரிடம்தான் கொட்டினேன்.

"கடல் பக்கத்தில இருக்கு. நண்டு வளையாயிருக்கும். காத்து நுழைஞ்சு சத்தம் போடுது."

அவர் தபால் கந்தோரில் வேலைசெய்தார். முத்திரை குத்துவதைத் தவிர வேறு எதற்கும் கையை ஓங்காத மனிதர். "இருக்கும்" என்றார். "ஆனா அம்மாட்டச் சொல்லிப்போடாதையும்."

அந்த வீடு வெள்ளைக்காரர் காலத்தில் துறைமுகத்தில் வேலைசெய்த யாரோ ஒருவருக்காகக் கட்டப்பட்டது. பின்மதிலோடு சேர்ந்த கல்லில் ஏறி நின்றால் உள்துறைமுகத்தின் ஒரு துண்டு தெரியும். என் மாமனார் வீட்டை வாங்கியபோதே வைரவர் அங்கே நின்றாராம். யார் வைத்தது என்று ஒருவருக்கும் தெரியாது. தெரியாததாலேயே பக்தி கூடிப்போயிருந்தது. செவ்வாய்தோறும் விளக்கு, வருடத்தில் ஒருநாள் வடைமாலை. வடையை மட்டும் நானும் மறுத்ததில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சண்டை மறுபடி மூண்டபோது ஊரோடு ஊராக நாங்களும் ஓடினோம். எட்டு மாதம் கழித்துத் திரும்பி வந்தபோது வீடு எலும்பாக நின்றது. கதவு இல்லை, யன்னல் இல்லை, கதிரை அலுமாரி ஒன்றும் இல்லை. குசினிக் கூரையின் தகரத்தையும், கிணற்றுக் கப்பியையும், கப்பி தொங்கிய இரும்புச் சட்டத்தையும்கூடக் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். நான் வாசலில் நின்று, போனவர்களின் ஏழு தலைமுறையையும் திட்டிக்கொண்டிருந்தேன். மாமி எதையும் பார்க்கவில்லை. நேரே பின்வளவுக்கு, இடுப்பளவு பற்றைக்குள் நடந்தார்.

"நிக்கிறார்" என்று அங்கிருந்து குரல் வந்தது. "பிள்ளை, வைரவர் நிக்கிறார்!"

நின்றார். வளவில் மிஞ்சியிருந்த ஒரே இரும்பு அவர்தான். அதை நான் அன்று பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

எங்கள் பின்வளவு மதிலுக்கு அப்பால் ஓர் ஒழுங்கை, ஒழுங்கைக்கு அப்பால் நான் படிப்பித்த பள்ளிக்கூடம். முன்பெல்லாம் முதல் மணி அடித்த பிறகு புறப்பட்டாலும் இரண்டாம் மணிக்குள் வகுப்பில் நிற்பேன். நாங்கள் திரும்பி வந்தபோது ஒழுங்கையின் இரண்டு பக்கமும் தார்ப்பீப்பாய்களும் முள்ளுக்கம்பியுமாக அடைபட்டிருந்தது. பள்ளிக்கூடத்துக்குப் போக, பெருந்தெருவைச் சுற்றி, இரண்டு இராணுவச் சென்ரிகளில் அடையாள அட்டையைக் காட்டி, கைப்பையைத் திறந்து காட்டி, முக்கால் மணி நேரம் நடக்க வேண்டும். மதிலுக்கு இந்தப் பக்கம் நின்றால் அந்தப் பக்கம் பிள்ளைகள் அழுவது கேட்கும். கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான், ஆனால் கூப்பிடக்கூடாது.

பள்ளிக்கூடம் அப்போது அகதி முகாம். கிளிவெட்டி, தோப்பூர்ப் பக்கமிருந்து ஓடிவந்த குடும்பங்கள் வகுப்பறை வகுப்பறையாக இருந்தன. நான் மாமரத்தின் கீழே அவர்களின் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன். ஆறாம் வகுப்பறையில் கிளிவெட்டியிலிருந்து வந்த ஒரு சின்னப் பெண் இருந்தாள். இருபது வயதுதான் இருக்கும். புருஷன் எங்கே என்று அவளுக்கே தெரியாது. மூன்று மாதப் பெண்குழந்தை ஒன்று. சேலையில் ஏணை கட்டி, கரும்பலகைக்கு முன்னால் அதைத் தொங்கவிட்டிருந்தாள். சண்டைக்கு முதல்நாள் நான் எழுதிய பின்னக் கணக்கு ஒன்று அந்தப் பலகையில் அழியாமல் இருந்தது. குழந்தை விழித்திருக்கும் நேரமெல்லாம் அந்தக் கணக்கைத்தான் பார்த்துக்கொண்டு கிடக்கும். அதனாலோ என்னவோ எனக்கு அதன்மேல் ஒரு தனிப் பிரியம். போகும்போதெல்லாம் தூக்குவேன்.

முகாமில் எதற்கும் தட்டுப்பாடுதான். தண்ணீருக்கு மட்டும் இல்லை. எங்கள் வீட்டுப் பைப்பில் விடியற்காலை ஒரு மணி நேரம் நூல்போலத் தண்ணீர் வரும். பள்ளிக்கூட வாசல் பைப்பிலோ எந்நேரமும் வரும். அங்கே மட்டும் ஏன் அப்படி என்று யாரும் கேட்கவில்லை. காரணம் கேட்கிற நானும் கேட்கவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, விளக்கு வைக்கப் போன மாமி கூப்பிட்ட கூப்பில் நான் அகப்பையோடு ஓடினேன். வைரவரின் காலடி முழுக்க ஈரம். மண்ணுக்குள்ளிருந்து தண்ணீர் ஊறி, குங்குமத்தைக் கரைத்துக்கொண்டு வேப்பமரத்தை நோக்கிச் சிவப்பாக ஓடிக்கொண்டிருந்தது.

"கண்ணீர் விடுறார் பிள்ளை" என்றார் மாமி. அவர் கண்ணிலும் நீர். "எட்டு மாசம் விளக்கில்லாமல் விட்டிட்டுப் போனமெல்லே."

அந்த நொடியில் எனக்கு எல்லாம் விளங்கியது. தண்டு, இரண்டு கை, அடியில் உஸ் என்ற ஒலி, இப்போது தண்ணீர்.

"மாமி, இது வைரவருமில்லை, கண்ணீருமில்லை. இது தண்ணி வால்வு. பைப் கசியுது."

பத்து வருடம் அடக்கிவைத்த வாய். மாமியின் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். பார்த்தும் நிறுத்தவில்லை. கண்டுபிடித்துவிட்டேன் என்ற பெருமை தலைக்கேறியிருந்தது. எங்கள் வளவில் நிற்கிறது, ஆகவே எங்கள் வீட்டுப் பைப்புக்கு உரிய வால்வு. எங்கள் பைப்பில் நூலாக வருவதற்குக் காரணமும் இந்தக் கசிவுதான். வழியும் சரி, விடையும் சரி என்று எனக்கு நானே நூற்றுக்கு நூறு போட்டுக்கொண்டேன்.

கணவர் கந்தோருக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். "பொறும், தெரிஞ்ச ஆக்கள் ஆரையும் கேட்டுட்டுச் செய்வம்" என்றார்.

"நீங்கள் கேட்டு வாறதுக்குள்ள முழுத்தண்ணியும் மண்ணுக்க போயிடும்" என்று நீள இரும்பு அலவாங்கை எடுத்தேன். அந்த அலவாங்கும் இரவல், பக்கத்து வீட்டுக்காரருடையது. வைரவரின் இரண்டு கைகளுக்கும் நடுவே அதைக் குறுக்கே கொடுத்து, வலப்பக்கமாகத் தள்ளினேன். அசையவில்லை. இன்னொரு முறை முழுப்பாரத்தையும் கொடுத்தேன். எங்கேயோ ஆழத்தில் ஒரு முனகல். மஞ்சள் ஓடு வெடித்து உதிர்ந்தது. வைரவர் மெல்லத் திரும்பினார். மாமி தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விட்டார்.

ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே சுற்றினேன். எதைச் செய்தாலும் எண்ணுவது என் பழக்கம், படி ஏறினாலும் எண்ணுவேன். இருபதாவது சுற்றில் இறுகி நின்றது. மணி எட்டு. சற்று நேரத்தில் ஊற்று நின்றுவிட்டது. அதைவிட அதிசயம், வாசல் பைப்பைத் திறந்தபோது தண்ணீர் கையைத் தள்ளிக்கொண்டு பாய்ந்தது. இருந்த வாளி, குடம், கிடாரம், சோற்றுப்பானை எல்லாவற்றையும் நிரப்பினேன். கணவருக்கு முன்னால் ஒரு கிடாரத்தைத் தூக்கி வைத்து, "எப்பிடி?" என்று கேட்டது இன்றும் ஞாபகம் இருக்கிறது. நினைத்தால் கூசுகிறது.

பின்னேரம் மாமி தனியாகப் போய் மண்ணில் காதை வைத்திருந்துவிட்டு வந்தார்.

"வைரவருக்கு மூச்சில்லை" என்றார். அழவில்லை, சண்டை பிடிக்கவில்லை. அன்று இரவு சாப்பிடவும் இல்லை.

மறுநாள் புதன்கிழமை தேடுதல் என்று தெரு அடைபட்டது. வெளியே போக முடியாது. வியாழக்கிழமைதான் பள்ளிக்கூடத்துக்குப் போனேன்.

வாசலிலேயே ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. பைப்படியில் வெறும் குடங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மதில்வரை நின்றன. ஒரு துளி ஈரம் இல்லை. பழைய உவர்க்கிணற்றைச் சுற்றிப் பெண்கள் முட்டிமோதிக்கொண்டு நின்றார்கள். கலங்கல் தண்ணீரைச் சேலைத்தலைப்பில் வடித்துக்கொண்டிருந்தார்கள். ஆறாம் வகுப்பறைக்குள் போனேன். ஏணை அசையாமல் தொங்கியது. குழந்தையின் கண் குழிந்து, உதடு வெடித்து, உச்சிக்குழி பள்ளமாகிக் கிடந்தது.

"நேற்றையிலயிருந்து வயித்தால போகுது டீச்சர்" என்றாள் அந்தப் பெண். "உப்பும் சீனியும் கரைச்சுக் குடுக்கச் சொன்னவை. கரைக்கிறதுக்கு நல்ல தண்ணி இல்லை. கிணத்துத் தண்ணியிலதான் கரைச்சனான்."

வாசலில் நின்ற ஒரு மனிதர், "ஆமிக்காரங்கள் வேணுமெண்டுதான் பூட்டியிருக்கிறாங்கள்" என்றார். "எங்களைத் துரத்துறதுக்கு."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "பச்சைப்பிள்ளையள் குடிக்கிற தண்ணியைப் பூட்டுறவங்கள் மனிசரோ?" என்று அறை அதிரக் கத்தினேன். இன்றைக்கே பெட்டிசம் எழுதுகிறேன் என்றேன். பேனாவையும் எடுத்துவிட்டேன். பெட்டிசத்துக்கு நாளும் நேரமும் வேண்டுமே.

"எப்ப நிண்டது?"

"செவ்வாய்க்கிழமை காலமை" என்றாள் அந்தப் பெண். "பிள்ளையைக் கழுவ வாளியைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனான். நிண்டுகொண்டிருக்கேக்கையே மெல்ல மெல்லக் குறைஞ்சு நிண்டுட்டுது. எட்டு மணியிருக்கும்."

என் கையிலிருந்த பேனா எழுதவில்லை. மெல்ல மெல்லக் குறைந்தது. இருபது சுற்று. அவள் வாளியைப் பிடித்துக்கொண்டு நின்ற அதே நேரம் மதிலுக்கு அந்தப் பக்கம் நான் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன். "பிள்ளையை ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போ, இப்பவே" என்று மட்டும் சொல்லிவிட்டு, காரணம் சொல்லாமல் வெளியே ஓடினேன்.

ஓட முடியாது. சென்ரியை நோக்கி ஓடுகிறவர் உயிரோடு போய்ச்சேர மாட்டார். எனவே நடந்தேன். முதலாவது சென்ரியில் என் பையிலிருந்த கொப்பிகளை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தார்கள். இரண்டாவது சென்ரியில் எனக்கு முன்னால் ஒரு சைக்கிள் மறிபட்டு நின்றது. சைக்கிளில் ஆளுயர இரும்புக்கம்பி கட்டியிருந்தது. அது எதற்கு என்று ஒரு சிப்பாய் கேட்க, சைக்கிள்காரர் சிங்களத்தில் பொறுமையாக விளக்கிக்கொண்டிருந்தார். அவரை எனக்குத் தெரியும். ஊருக்கே தெரியும். கிண்ணியாவிலிருந்து தோணியில் வந்து, தெருத்தெருவாகத் தண்ணீர் திறந்து பூட்டுகிறவர். என்னைவிட இரண்டொரு வயது மூத்தவராக இருப்பார். முஸ்லிம்கள் அண்ணனை அழைக்கிறபடி எல்லோருக்கும் அவர் தண்ணி நானா.

"நானா" என்றேன். "என்ர வீட்டு வளவுக்க ஒரு வால்வு இருக்கு. நான் அதைப் பூட்டிப்போட்டன்."

"வீட்டு வால்வுதானே டீச்சர், அதுக்கென்ன?"

"இருபது சுற்றுச் சுத்தினனான்."

அவர் முகம் மாறியது. "எண்ணினீங்களா?"

"எண்ணினனான்."

"யா அல்லாஹ்" என்றார் மெதுவாக. "டீச்சர், வீட்டு வால்வெண்டா ரெண்டு மூணு சுத்தில பூட்டுப்பட்டிரும். இருபது சுத்தெண்டா ஆறங்குலப் பைப். மெயின் லைன்."

எண்ணத் தெரிந்த எனக்கு, எண்ணின எண் என்ன சொல்கிறது என்று கேட்கத் தோன்றவில்லை. அதை நினைத்துக்கொண்டே அவருடைய சைக்கிளுக்குப் பின்னால் நடந்தேன்.

பின்வளவுக்கு வந்ததும் அவர் முதலில் மஞ்சளையும் குங்குமத்தையும் விளக்கையும் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றி வேப்பமரத்தடியில் வைத்தார். குசினி வாசலில் நின்ற மாமியைத் திரும்பிப் பார்த்து, "அம்மா, நான் தொடலாமா?" என்று கேட்டார்.

"தொடு தம்பி" என்றார் மாமி. "அவருக்கு மூச்சு வந்தாச் சரி."

அவர் முழங்காலில் இருந்து, கையாலும் ஒரு சிரட்டையாலும் மண்ணைத் தோண்டினார். அலவாங்கு வேண்டாம் என்றுவிட்டார். ஒரு முழம் போனதும் கருங்கல் கட்டிய குழி தெரிந்தது. குழிக்குள், என் தொடைப் பருமனில் ஒரு கறுப்பு இரும்புக் குழாய் கிடந்தது. தண்டின் அடியில் காய்ந்த சந்தனத்தை அவர் நகத்தால் மெல்லச் சுரண்ட, பித்தளை பளிச்சென்றது. அதில் வெள்ளைக்கார அரசாங்கச் சாமான்களுக்குப் போடுகிற அம்புக்குறி. பக்கத்தில் தேய்ந்துபோன இங்கிலீசு எழுத்துகள்.

"கப்பற்படை லைன்" என்றார். "வெள்ளைக்காரன் கப்பலுக்குத் தண்ணி ஏத்தப் போட்டது. குளத்திலயிருந்து நேரே துறைமுகத்துக்கு. டீச்சர், நாங்க இந்த வால்வைத் தேடாத இடமில்ல. வரைபடம் எப்பவோ எரிஞ்சு போச்சு. எங்கேயோ இரிக்கு எண்டு மட்டும் தெரியும். இதில கிளை எடுத்துத்தான் பள்ளிக்கூடத்துக்குப் போகுது. அங்கால ஆசுப்பத்திரிப் பக்கமும் போகுது. உங்கட வீட்டுக் கிளை வால்வுக்கு இங்கால இரிக்கு, அதான் பூட்டினதும் எல்லாத் தண்ணியும் உங்களுக்கு வந்திரிக்கு."

கப்பல்கள் போய்விட்டன. அந்த நாட்டுக்காரர்களும் போய்விட்டார்கள். எங்கோ மேற்கே, நாங்கள் போகவே முடியாத காட்டுக்குள் ஒரு குளம். அங்கே விழுந்த மழை, அத்தனை காவலரண்களுக்கும் அத்தனை முள்ளுக்கம்பிகளுக்கும் கீழால், யாரிடமும் அட்டை காட்டாமல், ஐம்பது வருடமாக என் குசினிக்குப் பின்னால் நடந்து போயிருக்கிறது. நான் அதன்மேல் கோழிக்கு அரிசி எறிந்திருக்கிறேன். அந்தக் குழிக்குள் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கோயில்களில் எனக்கு அப்படி ஆனதில்லை.

கசிந்தது வால்வில் இல்லை, அதைத் தாண்டிய பொருத்தில். அந்தக் காலத்து ஈயப் பொருத்து. ஈயத்தைச் சின்ன உளியால் சுற்றிச் சுற்றித் தட்டி இறுக்கினார். பிறகு எழுந்து, வைரவரின் கைகளைப் பிடித்து இடப்பக்கமாகக் கால் சுற்றுச் சுற்றினார். நிறுத்தினார்.

"கெதியாத் திறவுங்கோ நானா. அங்க பிள்ளையொண்டு..."

"ஏலாது டீச்சர். வெறும் பைப்புக்க தண்ணியை ஒரேயடியா விட்டா வெடிச்சிரும். பிறகு ஒருத்தருக்கும் இல்ல."

இன்னொரு கால் சுற்று. அவருடைய கம்பியின் ஒரு முனையைத் தண்டில் வைத்து, மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்டார். பிறகு கம்பியை என்னிடம் நீட்டினார். நான் காதை வைத்தேன்.

முதலில் ஒன்றுமில்லை. பிறகு மணல் உரசுவது போல ஒன்று. பிறகு அது விரிந்தது. குழாய் முழுவதும் காற்று அலறி ஓட, அதன் பின்னால் பாரமாக ஏதோ ஒன்று வந்தது. எவ்வளவு பெரியது, எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறது என்று காதுக்கே தெரிந்தது. என் பற்கள் கிடுகிடுத்தன. நான் அலவாங்கால் நெரித்து நிறுத்தியது இதையா என்று நினைத்தேன். அப்படியே மண்ணில் இருந்துவிட்டேன். அவர் சுற்றச் சுற்ற நான் எண்ணினேன். இருபது.

நாங்கள் மூவரும் மதில் பக்கம் காதைக் கொடுத்தோம். மதிலுக்கு அப்பால் எந்தச் சத்தமும் இல்லை. ஒரு நிமிடம் போயிருக்கும். சட்டென்று ஒரு வாளி உருண்டது. ஒரு பெண் குரல், "தண்ணி!" என்றது. பிறகு அது ஒரு குரலாக இல்லை. குடங்கள் மோத, பிள்ளைகள் கூவ, பள்ளிக்கூடம் முழுவதும் மதிலைத் தாண்டி எங்கள் வளவுக்குள் வந்தது. நான் வாய்விட்டு அழுதேன்.

மாமி மெல்ல இறங்கிவந்து, ஈர மண்ணில் முழங்காலிட்டுக் காதை வைத்தார். "வந்திட்டுது" என்றார்.

மண்ணை மூடியபோது நான் தண்ணி நானாவிடம் சொன்னேன், "இந்தக் கையைக் கழட்டிட்டு, கொங்கிறீற் மூடி போட்டு, வால்வெண்டு எழுதிவிடுங்கோ. இனி என்னைப்போல ஆரும் விசரி வந்து பூட்டக்கூடாது."

அவர் சிரித்தார். "ஒப்பீசில எழுதினா நாலு பேருக்குத் தெரியும். தெரிஞ்சா ஆராவது ஒருத்தன் ஒரு நாள் பூட்டுவான், இப்ப இரிக்கிற காலத்தில. இவர் இப்பிடியே நிக்கட்டும் டீச்சர். இத்தின வருசமா சாமியெண்டு நினைச்ச ஆக்கள் ஒருத்தரும் தொடல்ல. களவெடுக்க வந்தவனும் தொடல்ல. சாமியில்ல எண்டு தெரிஞ்ச நீங்கதானே பூட்டினது."

குத்திக்காட்ட அவர் சொல்லவில்லை. ஆனாலும் என் வாழ்க்கையில் என்னை அப்படி யாரும் அடித்ததில்லை.

குழந்தை நான்கு நாள் ஆசுப்பத்திரியில் கிடந்து பிழைத்தது. அந்த நான்கு நாளும் நான் சோறு தின்ற மாதிரியே ஞாபகம் இல்லை. தாய் அதோடு முகாமுக்குத் திரும்பி வந்த காலை பைப்படிக்குப் போனேன். அவள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாளியோடு நின்றாள்.

"தண்ணியைப் பூட்டினது நான்தான்" என்றேன். "எங்கட வளவுக்க இருந்த வால்வு. தெரியாமப் பூட்டினனான்."

அவள் என்னை நெடுநேரம் பார்த்தாள். திட்டுவாள் என்று நின்றேன். திட்டியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

"அப்ப, பிள்ளையைப் பிடியுங்கோ டீச்சர்" என்றாள். "வாளியை நிரப்பிட்டு வாறன்."

குழந்தையை என் கையில் தந்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் பைப்பைத் திறந்தாள். அது என் தோளில் தலையைச் சாய்த்தது. ஒரு கோழிக்குஞ்சின் பாரம்கூட இல்லை.

அடுத்த வருடம் மாமி போய்விட்டார். சொந்த வீட்டில், சொந்தப் பாயில், நோவில்லாமல். அதன் பிறகு வைரவருக்கு விளக்கு வைக்க ஆளில்லை. நான் வைக்கவில்லை. அவரைத் தொடக்கூடாது என்று எனக்குத் தெரியும், அது போதும் என்று நினைத்தேன். மழை மஞ்சளைக் கழுவியது. குங்குமம் போனது. மெல்ல மெல்ல இரும்பு வெளியே தெரியத் தொடங்கியது.

ஒரு காலை தேடுதலுக்கு வந்தார்கள். கணவரைத் தெருவில் வரிசையில் நிறுத்திவிட்டு, நான்கு சிப்பாய்கள் வளவுக்குள் இறங்கினார்கள். ஒருவன் நீண்ட கம்பியால் மண்ணைக் குத்திக் குத்திக்கொண்டு வந்தான். வேப்பமரத்தடியில் நின்றான். குனிந்து, வைரவரின் கையைப் பிடித்து ஆட்டினான். பிறகு மற்றவனைக் கூப்பிட்டு மண்வெட்டி கேட்டான்.

"இது என்ன?" என்று என்னிடம் தமிழில் கேட்டான்.

தண்ணி வால்வு என்று சொன்னால் எங்கே போகிறது என்று கேட்பான். எங்கே போகிறது என்று சொன்னால் ஒரு கொப்பியில் எழுதுவான். மதிலுக்கு அப்பால் அப்போதுதான் ஒரு வாளி நிரம்பும் சத்தம் கேட்டது.

"வைரவர்" என்றேன். "கும்பிடுற சாமி. கையை எடுங்கோ, பொல்லாதவர்."

அவன் நம்பவில்லை. பூ இல்லை, பொட்டு இல்லை, விளக்கு இல்லை. நான் உள்ளே போய் மாமியின் பூசைத் தட்டத்தை எடுத்து வந்தேன். மஞ்சளைக் குழைத்துத் தண்டு முழுக்கப் பூசினேன். குங்குமம் வைத்தேன். கற்பூரத்தைக் கொளுத்தி முழங்காலில் இருந்தேன். அவன் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றான். வாய் அசைய வேண்டும். எனக்கு ஒரு தேவாரம்கூட முழுதாகத் தெரியாது. கண்ணை மூடிக்கொண்டு, ராகம் இழுத்து, பதினாறாம் வாய்ப்பாட்டைச் சொன்னேன். ஓர் பதினாறு பதினாறு, ஈர் பதினாறு முப்பத்திரண்டு.

ஏழாவது அடியில் மண்வெட்டி கீழே வைக்கப்படும் சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தபோது அவன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான். பத்தொன்பது வயதுகூட இருக்காது. கற்பூரம் எரிந்து முடியும்வரை நின்றுவிட்டு மற்றவர்களோடு போனான்.

நான் எழும்பவில்லை. குனிந்து, மாமி காதை வைக்கும் இடத்தில் காதை வைத்தேன். மூச்சு வந்துகொண்டிருந்தது. வாய்ப்பாட்டின் மிச்சத்தையும் அவருக்குச் சொல்லி முடித்தேன்.